நீலமுடிக்காரிக்கு மாமன் மக

பாப்பா, காதுல இருக்கிற அந்த வயரை ஒரு நிமிஷம் எடுக்கிறியா? தப்பா நினைச்சுக்காத. உன் போன்ல ஒருத்தி குடையைத் தூக்கிக்கிட்டு புயலைப் பாத்துக் கத்துறாளே, நீலமுடிக்காரி, அது நான்தான்.

மூஞ்சி இல்ல. மூஞ்சி ஜப்பான்காரங்க வரைஞ்சது. குரல் நான். எனக்கு இங்க ஒரு சத்தமும் கேக்கல, ஆனா அவ வாய் அசையுறதைப் பாத்தே என்ன பேசுறான்னு சொல்லிடுவேன். இப்போ என்ன சொன்னா தெரியுமா? இரு, தொண்டையைச் சரி பண்ணிக்கிறேன். "நில், புயலே! இந்த ஊருக்குள் நுழையும் முன் இந்த ரேகோவைத் தாண்டிப் போ!"

ஐயோ, கண்டக்டர் திரும்பிப் பாக்குறாரு. ஒண்ணுமில்லண்ணே, நீங்க டிக்கெட்டைப் போடுங்க.

பாத்தியா, வாயைப் பொத்திக்கிட்ட. எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க. அம்பத்தஞ்சு வயசுப் பொம்பளை, சோடாபுட்டிக் கண்ணாடி, இவகிட்ட இருந்து பதினாறு வயசுக் குரல் எப்படிடா வருதுன்னு. தொழிலும்மா. என் பேரு தமயந்தி. படம் முடிஞ்சு பேரு ஓடுமே, அதுல தேடாத, போட மாட்டாங்க.

அந்தக் குட்டைமுடிக்காரி மிட்சு இருக்காளே, உன் பையில கூட குத்தி வச்சிருக்கியே, அவளுக்குப் பேசுறது ஜெசிந்தா. ஜெசி. ஆமா, அது ஜோடி பொம்மையாச்சே, ரெண்டு பேரும் கைகோத்துக்கிட்டு இருக்கிற மாதிரில்ல விப்பாங்க? மிட்சு மட்டும் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறா, ரேகோ பாதி எங்க? ஃப்ரெண்டுகிட்டயா? சரி சரி. தொலைச்சிடாதீங்க.

நான் திருச்சிக்குப் போறது அந்த ஜெசியைப் பாக்கத்தான். பாக்கன்னா, பாக்க இல்ல. குக்கரைக் கொடுக்க.

இதோ, மடியில மஞ்சப்பை இருக்குல்ல, அதுக்குள்ள அஞ்சு லிட்டர் குக்கர். மேல வைக்கலாம்தான், டிரைவர் பிரேக் போட்டாருன்னா யார் மண்டையிலயாவது இறங்கும். குக்கர் ஜெசியோடது. மூடி என்னோடது. அவளோட மூடி ஒருநாள் கீழ விழுந்து நெளிஞ்சுபோச்சு, நான் வேற வாங்கினேன். பதினாலு வருஷமா அவ பாத்திரத்துக்கு என் மூடிதான் விசில் அடிக்குது. இப்போ அவ தனியாப் போறாளாம், பொன்மலைக்கு, அவ அக்கா வீட்டு மாடிக்கு. நாளைக்குச் சாமான் ஏத்த வேன் வருது. மத்ததெல்லாம் நான் பிரிச்சு வச்சிட்டேன், அவ கட்டில், அவ பீரோ, அவ மாதா படம். இதை எப்படிப் பிரிக்கிறது? நீயே சொல்லு. அதான் நேர்லயே கேட்டுடலாம்னு கிளம்பிட்டேன். வேற ஒண்ணுமில்ல.

ஏன் புடவையைப் பாக்குற? கையில கிடைச்சதைச் சுத்திக்கிட்டேன். பூவா? கிளாம்பாக்கத்துல பஸ்ஸுக்கு வெளிய வித்தாங்க. பஸ் ஸ்டாண்டுல நின்னா பூ வாங்குறதுதானே? நீ வாங்கலியா? இந்தா, பாதி வச்சுக்கோ.

ஜெசியை எனக்கு இருபத்திமூணு வருஷமாத் தெரியும். ஒரு படத்துல சாவு சீன். பண்ணையார் செத்துட்டாரு, பத்துப் பொம்பளைங்க அழணும். அப்போல்லாம் எல்லாரும் ஒரே மைக்கைச் சுத்தி நின்னுதான் டப்பிங் பேசுவோம். என் பக்கத்துல நின்னவ அழுத அழுகையில எனக்கு நிஜமாவே கண்ணுல தண்ணி வந்துருச்சு. டேக் ஓக்கேன்னதும் அவ மூக்கைத் துடைச்சிட்டு, "வெளிய வடை சூடா போடுறாங்களாம், வர்றீங்களா?"ன்னா. பண்ணையார் சாவுல ஆரம்பிச்ச பழக்கம். அடுத்த மாசம் அவ இருந்த ஹாஸ்டலை மூடிட்டாங்க, ஒரு வாரம் தங்கிக்கிறேன்னு சாலிகிராமத்துல என் வீட்டுக்கு வந்தா. அந்த ஒரு வாரம் இருபத்திமூணு வருஷம் ஓடிச்சு. பதினோரு நாளைக்கு முன்னாலதான் முடிஞ்சுது.

கல்யாணமா? எங்களுக்கா? நேரம் எங்கம்மா இருந்துச்சு! எனக்கு வந்த மாப்பிள்ளைங்களை எல்லாம் ஜெசிதான் வேண்டாம்னா. ஒருத்தருக்கு நடை சரியில்லன்னா, ஒருத்தருக்குக் குரல் கீச்சுன்னா. அவளுக்கு வந்தவங்களை நான் வேண்டாம்னேன். ரெண்டு பேருக்குமே ஆளை எடைபோடத் தெரியும், அதான் காரணம். என்ன சிரிக்கிற?

சரி, சிரி. இதைவிட சிரிப்பு ஒண்ணு சொல்றேன். உன் சீரியல்ல ரேகோவும் மிட்சுவும் என்ன உறவு? அத்தை மக, மாமன் மக. அப்படித்தானே? ஜப்பான்ல அப்படிக் கிடையாது. தெரியுமா? ஓ, தெரியுமா! உங்க வயசுப் பசங்களுக்கு எல்லாம் தெரியுது. அங்க அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் ஒரு உறவும் இல்ல. காதல். அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணையொண்ணு உயிரா விரும்புது. நடு நடுவுல புயலோட சண்டை.

மும்பையில ஒரு மேடம் இருக்காங்க. நம்ம சேனலுக்கு எது ஆகும் எது ஆகாதுன்னு பாக்குறவங்க. அவங்க முதல் எபிசோடைப் பாத்துட்டு, இந்தப் பொண்ணுங்க பாத்துக்கிற பார்வை சரியில்ல, குழந்தைங்க பாக்குறது, அதனால எல்லா மொழியிலயும் இவங்களை கஸின்ஸ் ஆக்கிடுங்கன்னு ஓலை அனுப்பிட்டாங்க. அவங்க ஊர்ல கஸின்னா அக்கா தங்கச்சி மாதிரி. முடிஞ்சுது கதை.

இங்க வசனம் எழுதுறது ஏகாம்பரம் சார். காரைக்குடிக்காரர். வாய் அசைவை எண்ணி எண்ணி எழுதுவாரு, முப்பத்தஞ்சு வருஷ அனுபவம். அவரு பேப்பரை வச்சுக்கிட்டுத் தலையில கை வச்சிட்டாரு. "நம்ம ஊர்ல வெறும் கஸின்னு எவம்மா இருக்கா? சித்தி பொண்ணா, பெரியப்பா பொண்ணா, அத்தை பொண்ணா, மாமா பொண்ணா? அதைச் சொல்லாம நம்ம சனம் ஒரு வாய் காப்பி குடிக்குமா?"ன்னு. ஞாயம்தானே? முதல் எபிசோடுல மிட்சு ரேகோவைக் காட்டி, இவ யாருன்னு மத்த பொண்ணுங்ககிட்டச் சொல்ற இடம். சாருக்கு முதல்ல "சித்தி மக"ன்னுதான் தோணியிருக்கு. ஆனா சித்தின்னா பல்லு தெரியணும். மிட்சு வாயை ஆன்னு திறக்குறா. பெரியம்மா மகன்னா நீளம், வாய் மூடின அப்புறமும் பேச்சு ஓடும். சார் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்தாரு. கடைசியில "அத்தை மக!"ன்னு தொடையைத் தட்டினாரு. அப்படியே ஒட்டிக்கிச்சு. வாய்க்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி.

மும்பை மேடம் போன்ல கேட்டாங்களாம், கஸின்தானேன்னு. ஆமாம்மா, கஸின்தான்னாரு. ஓக்கே.

அவருக்கே அப்புறம்தான் உறைச்சிருக்கு, என்ன பண்ணி வச்சிருக்கோம்னு. அத்தை மக, மாமன் மக! முறை! நம்ம ஊர்ல அது எவ்வளவு லைசென்ஸுன்னு உனக்குத் தெரியாதா? இந்திக்காரங்களுக்கு, அக்கா தங்கச்சி ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்து ஏன் மூஞ்சி சிவக்குதுன்னு புரியவே இல்லையாம். நம்ம ஊர்ல ஒருத்தருக்கும் சந்தேகமே வரல. ரேகோ கோவிச்சுக்கிட்டா, மிட்சு பின்னாலயே ஓடுறா, மழையில ஒரே குடையில ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு வர்றாங்க, ஏன் வரமாட்டாங்க, முறைக்காரிங்கதானே! ஏகாம்பரம் சாருக்கு மும்பையே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தைரியம். ரெண்டு பேரும் மதினின்னு கூப்பிடுற மாதிரி எழுதினாரு. பன்னெண்டாவது எபிசோடுல, "நீ மட்டும் ஆம்பளையாப் பொறந்திருந்தா, மதினி, உன்னையவிட்டு வேற எவனையும் திரும்பிப் பாத்திருக்க மாட்டேன்"னு வச்சாரு பாரு! நம்ம கல்யாண வீட்டுல பந்திக்குப் பந்தி பொம்பளைங்க சொல்ற பேச்சுதானே அது? ஒரு அம்மாவும் சேனலுக்குப் புகார் எழுதல. சொந்தத்துக்குள்ளதானே.

வீட்டுலயும் அதே கூத்து. மதினி காப்பி, மதினி சோப்பு எங்க, மதினி என் கண்ணாடியை மிதிச்சிடாத. ஜெசி பொன்மலை ரயில்வே காலனி, நான் விருதுநகர், நாலு தலைமுறைக்கும் ஒரு ஒட்டும் கிடையாது. ஆனா அப்படிக் கூப்பிட ஆரம்பிச்சதும் வீடே ஒரு மாதிரி ஆகிப்போச்சு. காலையில எழுந்திரிக்கிறப்பவே சிரிப்பு வரும். வேலை நல்லா போச்சுல்ல, அதனால.

போன வருஷம் உங்க வயசுப் பசங்க காமிக்ஸ் திருவிழா ஒண்ணு நடத்துனாங்க, எங்களை மேடையேத்துனாங்க. எனக்குத் தலைகால் புரியல. முன்னால நூறு ரேகோ, நூறு மிட்சு, எல்லாம் விக் வச்சுக்கிட்டு. ஒரு பொண்ணு மைக்கைப் பிடிச்சு, "நீங்க ரெண்டு பேரும் நிஜத்துல என்ன உறவு ஆன்ட்டி?"ன்னா. நான், "மதினிங்கதான்!"னேன். அரங்கமே கத்துச்சு பாரு, கூரை பிச்சுக்கிட்டு. ரெண்டு நிமிஷம் நிக்கல. அவ்வளவு பேருக்கு என் குரல் பிடிச்சிருக்கு. ஜெசி மட்டும் மேசைக்கடியில என் கையை நசுக்குறா. அவளுக்கு மேடைன்னா கூச்சம். ஒரு பையன் படம் வரைஞ்சு கொடுத்தான், ரேகோவும் மிட்சுவும் நரைமுடியோட, கண்ணாடி போட்டுக்கிட்டு, அடுப்பங்கரையில. ஜெசி அதைச் சட்டம் போட்டு மாதா படத்துக்குப் பக்கத்துலயே மாட்டிட்டா.

நீ எதோ கேக்க வந்தியே? ஆமா, இன்னைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்தது கடைசி எபிசோடுதான். பாக்கலியா? பஸ்ஸைப் பிடிக்கிற அவசரமா? ஐயோ, நான் வேற உளறிக்கிட்டு. என்னது? சாகுறாங்களான்னா?

இதையேதான் ஜெசியும் கேட்டா. அச்சு அசலா இதே மூஞ்சியோட.

ஏன்னா அவளுக்கு அனுபவம் அப்படி. இது மாதிரி ஜப்பான் கதை நாங்க நிறையப் பேசியிருக்கோம்மா. எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பொண்ணுங்க பள்ளிக்கூடம், பியானோ ரூம், ஜன்னல் திரை ஆடும், பூ கொட்டிக்கிட்டே இருக்கும், எந்த மரம்னே தெரியாது. ஒருத்தி கை இன்னொருத்தி கைமேல படும். உடனே கேமரா வானத்தைப் பாக்கப் போயிடும். நாலு எபிசோடு தள்ளி ஒருத்தி மொட்டை மாடியில இருந்து விழுவா, இல்ல ரத்தமா இருமுவா. சாகுறவளுக்கெல்லாம் ஜெசிதான் குரல், அவ மூச்சை விடுற அழகுக்காகவே கூப்பிடுவாங்க. "ஏழு தடவை செத்துட்டேன் தமா"ன்னு விரல் விட்டுச் சொல்லுவா. அதுல ஒருத்தி சாகல, ஒரு டாக்டர் பையனைக் கட்டிக்கிட்டு வெளிநாடு போயிட்டா, போகும்போது, அதெல்லாம் சின்ன வயசு விளையாட்டுன்னு சொல்லிட்டுப் போனா. ஜெசி அதையும் சாவுலதான் சேர்ப்பா.

ஆம்பளைங்க கதையும் உண்டு. ரெண்டு பையனுங்க காதலிக்கிறது. அதை வரையுறதும் பெரும்பாலும் பொம்பளைங்களாம், விழுந்து விழுந்து படிக்கிறதும் பொம்பளைங்களாம், எனக்கு அந்தக் கணக்கு பிடிபடவே இல்ல. அப்புறம் காமெடிக் கதையில ஒரு தடியன் லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு ஹீரோவைத் துரத்துவான். அதுக்கு நாங்க எல்லாரும் சிரிப்போம். ஜெசி சிரிக்க மாட்டா. ஜப்பான்ல இதெல்லாம் சகஜம்போலன்னு நான் ஒருநாள் சொன்னேன். "பொம்மையில சகஜம் தமா. ஊருக்குள்ள அங்கேயும் பொத்திப் பொத்தித்தான் வச்சிருப்பாங்க. இல்லன்னா எதுக்கு இத்தனை பேரைக் கொல்லணும்?"னா. வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொன்னா. அதான் கண்ணு கலங்கியிருந்துச்சு.

அந்த வெங்காயம் உரிச்ச அன்னைக்குத்தான் அவ அக்கா ரெஜினா போன் பண்ணாங்க. மாடி காலியாயிடுச்சு, வயசும் ஆகுது, ஊரோட வந்துடுன்னு. ஜெசி போனை வச்சிட்டு, "போகவா தமா?"ன்னா. உன் இஷ்டம்னேன். ரெண்டு நாள் கழிச்சுத் துணி மடிக்கும்போது, "போகவா?"ன்னா. உன் இஷ்டம்தான்னேன். கோயம்பேடு மார்க்கெட்ல முருங்கைக்காய்க்கு நடுவுல நின்னுக்கிட்டு மூணாவது தடவை கேட்டா. அப்பவும் பெருந்தன்மையாத்தான் சொன்னேன், உன் அக்கா, உன் ஊரு, நான் யாரு தடுக்கன்னு. அதுக்கு ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டாங்கிறே? எனக்கும் தெரியல.

இரு, கடைசி எபிசோடுக்கு வரேன். சொல்லிடவா? நிஜமா? சரி, காதைக் கொடு. யாரும் சாகல.

யாருமே சாகல பாப்பா! புயல் அடங்கிருச்சு. பத்து வருஷம் போயிடுச்சுன்னு போடுறான். ரெண்டு பேரும் ஒரு சின்ன வீடு பிடிச்சிருக்காங்க. கடைக்குப் போய் சோறு வடிக்கிற மின்சார குக்கர் ஒண்ணு வாங்கிட்டு வராங்க, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு. அதைத் தரையில வச்சிட்டு, மிட்சு ரேகோவைப் பாத்துச் சொல்றா, ஜப்பான்காரங்க எழுதினது இது: "இனிமே உன்கூடத்தான். கிழவி ஆகுற வரைக்கும். சரியா?" ரேகோ ஒரே ஒரு தடவை வாயை மூடித் தலையை ஆட்டுறா. "ம்." அவ்வளவுதான் அவளுக்கு வசனம்.

அழுறியா? ஜன்னலை மூடும்மா, விக்கிரவாண்டிப் பக்கம் தூசி ஜாஸ்தி.

மும்பை மேடம் விடுவாங்களா? கிழவி ஆகுற வரைக்கும்கிறது கஸினுக்குப் பொருந்தலையாம். "லீவு விட்டா எங்க வீட்டுக்கு வா. அத்தை கேட்டாங்க. சரியா?"ன்னு மாத்தச் சொல்லிட்டாங்க. ஏகாம்பரம் சார் பேப்பர்ல மேல ஜப்பான்காரங்க வசனம், கீழ மும்பை வசனம், ரெண்டும் எழுதி ஸ்டாண்டுல மாட்டிட்டு, வெத்தலை போட வெளிய போயிட்டாரு.

இப்போல்லாம் ஒவ்வொருத்தரா தனித்தனியா நின்னுதான் பேசுறது. நாங்க ரெண்டு பேரு மட்டும் ஒண்ணா நிப்போம்னு அடம்பிடிச்சிருக்கோம். ஒத்திகையில ஜெசி மும்பை வசனத்தை ஒழுங்காச் சொன்னா. அப்புறம் டேக். முபாரக், சவுண்டு இன்ஜினியர் தம்பி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுறான். படம் ஓடுது. ஜெசி திரையைப் பாக்கல. முப்பது வருஷமா வாயைப் பாத்தே பேசுறவ, அன்னைக்குத் திரையைப் பாக்காம என்னைப் பாத்தா. மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டு. மிட்சு குரல் கூட இல்ல, அவ சொந்தக் குரல்ல. "இனிமே உன்கூடத்தான். கிழவி ஆகுற வரைக்கும். சரியா?"

எனக்கு உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் என்னமோ ஓடுச்சு. ஏசி ஜாஸ்தி அந்த ஸ்டுடியோவுல.

நான் சிரிச்சிட்டேன். "ஜெசி, மேல் வரியைப் படிச்சிட்ட, திரையையும் பாக்கல, சிங்க் போச்சு, இன்னொண்ணு எடுப்போம்"னேன். சிங்க்னா வாயும் பேச்சும் ஒட்டுறது. அவ ஹெட்போனைக் கழட்டி ஸ்டாண்டுல மாட்டினா. "எனக்கு சிங்க் போகல தமா. நல்லா கேட்டுப் பாரு"ன்னா. செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா. நான் வீட்டுக்கு வந்தப்போ பெட்டியும் இல்ல, அவளும் இல்ல. பிரஷர் மாத்திரையை மட்டும் மறந்து வச்சிட்டுப் போயிருந்தா. அதை நான்தான் கூரியர்ல அனுப்பினேன், பத்திரமா சாப்பிடுன்னு ஒரு சீட்டும் எழுதி. பதில் இல்ல.

பதினோரு நாள் பாப்பா. தொழில்ல ஒரு தப்பைச் சுட்டிக்காட்டினா இவ்வளவு ரோஷமா? அப்படித்தான் நானும் நினைச்சுக்கிட்டே இருந்தேன். ரெண்டு ஆளுக்குச் சோறு வச்சுட்டுத் தினம் முழிக்கிறேன். காலையில எழுந்தா, மதினி காப்பின்னு வாய் தானா சொல்லுது. சுவர்ல அந்தக் கிழவிங்க ரெண்டும் என்னைப் பாத்துச் சிரிக்குதுங்க. நேத்து அவ சாமானைப் பிரிச்சு மூட்டை கட்டிட்டேன், அந்தப் படத்தை மட்டும் கழட்டக் கை வரல. ஆணி இறுகிப்போச்சுன்னு வையி.

இன்னைக்கு எட்டு மணிக்கு டிவி முன்னால உக்காந்தேன். ஒத்திகையில ஜெசி பேசினதை வச்சு ஒப்பேத்திடுறேன்னு முபாரக் சொல்லியிருந்தான். சரி, லீவுக்கு வா, அத்தை கேட்டாங்கன்னுதான் வரப்போகுதுன்னு காப்பியை ஆத்திக்கிட்டு இருக்கேன். குக்கரைத் தரையில வச்சாங்க. மிட்சு திரும்புனா. "இனிமே உன்கூடத்தான்." ஜெசி குரல்! "கிழவி ஆகுற வரைக்கும். சரியா?" அந்த டேக்கு! அந்தப் பாவி முபாரக் அதையே போட்டுட்டான்! அப்புறம் ரேகோ வாயை மூடுனா.

"ம்."

என் குரல்.

நான் அப்படிச் சொல்லவே இல்லம்மா! சிங்க் போச்சுன்னுதானே சொன்னேன்! காப்பி புடவையெல்லாம் கொட்டிருச்சு, அதான் இந்தப் புடவை, சரி, பொய், காப்பி கொட்டல, விடு. முபாரக்குக்குப் போன் போட்டேன். டேய், எந்த எபிசோடுல இருந்துடா என் குரலை வெட்டி ஒட்டுன, மும்பைக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு கத்துனேன். "மும்பை மேடத்துக்குத் தமிழ் தெரியாது மேடம். ஆனா வெட்டல, ஒட்டல. அதே டேக்தான். ஜெசி மேடம் கேட்டதும் நீங்க சொன்னீங்க. சொல்லிட்டு நாலு செகண்டு கழிச்சுத்தான் சிரிச்சீங்க. அந்த நாலு செகண்டு எங்கிட்ட இருக்கு, அனுப்பட்டுமா?"ன்னான்.

அனுப்பினான். இந்தா, என் போன்ல உன் வயரைச் சொருகு, ஒரு காதை எனக்குக் கொடு, ஒண்ணை நீ வச்சுக்கோ. கேட்டியா? இன்னொரு தடவை போடு.

கேட்டியா? எப்படி விழுந்திருக்கு பாரு! ரேகோவோட உதடு மூடுறதும் என் "ம்"மும்! முப்பது வருஷத்துல இப்படி ஒரு சிங்க் நான் கொடுத்ததே இல்ல. நானும் திரையைப் பாக்கல பாப்பா. அவளைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.

என்ன மக்கு பாரு நான். மூணு தடவை கேட்டாளே, போகவா போகவான்னு. போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லத் தெரியாம உன் இஷ்டம், உன் இஷ்டம்னு! ஊருக்கெல்லாம் குரல் கொடுக்குறேன்! எனக்கு அவ வேணும். அவ்வளவுதான் விஷயம். குக்கருமில்ல ஒண்ணுமில்ல. எனக்கு அவ வேணும்!

ஐயையோ, சத்தமாச் சொல்லிட்டேனா? சொன்னா என்ன. கண்டக்டரண்ணே, நீங்களும் கேட்டுக்கோங்க.

பாப்பா, உன் ஃப்ரெண்டு, அந்த ரேகோ பாதியை வச்சிருக்கிறவ, பஸ் ஸ்டாண்டுக்கு வராளா? வராளா! அப்போ பூவை நல்லா எடுத்து விட்டுக்கோ. இப்படித் திரும்பு, நான் வைக்கிறேன். அவகிட்ட வளவளன்னு பேசாத. என்னை மாதிரி ஆயிடாத.

பாரு, அதுக்குள்ள பெரம்பலூரே தாண்டிட்டோம். எதோ போன் அடிக்குது, உன்னோடதா? என்னோடதா? எங்க இருக்கு? உனக்குப் பூ வைக்கிறப்போ குக்கருக்குள்ள போட்டு மூடிட்டேன்மா, மூடியைத் திற, இப்படி இல்ல, இடது பக்கம் திருப்பு, அந்த மூடி என்னோடது, கொஞ்சம் முரண்டு பிடிக்கும். ஆங். ஐயோ. ஜெசி.

ஹலோ? ஜெசி? கேக்குது, சொல்லு. ஆமா, பஸ்ஸுதான். திருச்சி பஸ்ஸு. ஒண்ணுமில்ல, சும்மா, குக்கரை. பாத்தியா? நீயும் பாத்தியா? முபாரக் உனக்கும் அனுப்பினானா! எத்தனை தடவை கேட்ட? நாப்பதா? நான் முப்பதுதான். என்ன, வேனை வேண்டாம்னுட்டியா? அக்காகிட்டச் சொல்லிட்டியா? என்ன சொன்னே அக்காகிட்ட? நிஜமா அப்படியே சொன்னியா? டோல்கேட்டுக்கு வரியா? பெட்டியோடவா? இல்ல, நான் அழல. தூசி. சரி, அழுறேன்.

என்னது? திருப்பிச் சொல்லவா போற? இப்போவா? எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க ஜெசி. முன் சீட்டுப் பாட்டி எழுந்து நின்னே பாக்குறாங்க. சரி. சரி, சொல்லு. கேக்குறேன்.

பாப்பா, அதையேதான் சொல்றா. மேல் வரியை. ஒரு எழுத்து மாத்தாம.

கண்டக்டரண்ணே, விசிலை ஊதாதீங்க, ஒரு நிமிஷம். டேக் போயிட்டு இருக்கு.

ம்.